சாண்டோரினி: ஓர் எரிமலையும் ஒரு சிவப்புக் கடற்கரையும்

கடற்கரை மணல் என்ன நிறத்தில் இருக்கும் என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார்கள். ஆனால் கிரேக்க நாட்டின் சாண்டோரினி தீவில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. கமாரி, பெரிசா என்ற ஊர்களில் கடற்கரை கன்னங்கரேலென்று இருக்கிறது. விலிகாடா என்ற இடத்தில் வெளிறிய நுரைக்கல் பாறைகள் கரையை ஒட்டிச் சுவர்போல நிற்கின்றன. அக்ரோதிரி என்ற கிராமத்துக்குப் பக்கத்திலோ, செங்கல்லை உடைத்துக் கொட்டியதுபோலக் கரை முழுவதும் சிவப்பு! இத்தனை நிறங்களுக்கும் காரணம் எரிமலைதான்.

அந்தச் சிவப்புக் கரையைப் பார்க்க உலகெங்கும் இருந்து மக்கள் வருகிறார்கள். புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் மண்ணுக்குள் போன ஒரு நகரம் இருக்கிறது. அந்த நகரத்தின் கதையோடு சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் கரை முழுமையாகப் புரியும்.

சிவப்பு எப்படி வந்தது?

தீவின் தலைநகரமான ஃபிராவில் இருந்து அக்ரோதிரிக்குப் பேருந்து உண்டு. இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் பாறையை ஒட்டிக் கட்டப்பட்ட சிறிய வெள்ளைத் தேவாலயம் ஒன்று வரும். அதைத் தாண்டிக் கற்கள் உருளும் ஒரு மேட்டுப் பாதை. மேட்டின் முனையில் நின்று பார்த்தால் கீழே நீலக் கடல், நடுவில் கறுப்பும் சிவப்பும் கலந்த கூழாங்கற்கள், பின்னால் செங்குத்தான சிவப்பு மலை. இவ்வளவுதான் அந்தக் கடற்கரை. மிகவும் சிறியது.

பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த எரிமலை வாய்கள் கக்கிய கசடு குவிந்து உண்டானது இந்த மலை. அந்தக் கசட்டில் இரும்புச் சத்து இருந்தது. கொதிக்கும் சூட்டில் காற்றும் நீராவியும் பட்டதால் அந்த இரும்பு துருப்பிடித்த நிறத்துக்கு மாறியது. இரும்புக் கம்பி துருப்பிடித்தால் என்ன நிறமோ, அதே நிறம்தான் இதுவும்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த மலை கெட்டியான பாறை அல்ல. பொலபொலவென்று உதிரும் கசடு. அலை அடியை அரிக்க அரிக்க மேலே இருப்பது சரிந்து விழுகிறது. விழுந்த கற்களைக் கடல் உருட்டி உருட்டிக் கரையாக்குகிறது. அதாவது மலை சரிவதால்தான் அந்தக் கரையே இருக்கிறது! அழகுக்கும் ஆபத்துக்கும் காரணம் ஒன்றுதான். பாறைச் சரிவு அபாயம் என்ற எச்சரிக்கைப் பலகை பல ஆண்டுகளாக அங்கே இருந்து வருகிறது. அதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போகிறவர்களும் பல ஆண்டுகளாக இருந்து வருகிறார்கள்.

மண்ணை விற்ற தீவு

சாண்டோரினியின் பழைய பெயர் தீரா. வரைபடத்தில் பார்த்தால் பிறை நிலா போல இருக்கும். கி.மு. 1600-ஐ ஒட்டிய காலத்தில் நடந்த மாபெரும் எரிமலை வெடிப்பில் தீவின் நடுவே பெரும் பரப்பு இடிந்து கடலுக்குள் இறங்கியது. வெடிப்பு நடந்த ஆண்டு எது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. சாம்பலில் புதைந்து கிடந்த ஓர் ஒலிவ மரக்கிளையை ஆராய்ந்து 2006-ல் வெளியிட்ட முடிவு கி.மு. 1627-க்கும் 1600-க்கும் இடைப்பட்ட காலத்தைக் காட்டியது. எப்படியிருந்தாலும் வெடிப்பு முடிந்தபோது மிஞ்சிய நிலத்தின் மேல் நுரைக்கல்லும் சாம்பலும் பல மீட்டர் உயரத்துக்கு மூடியிருந்தன.

அந்தச் சாம்பல் மண்ணுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்கு அடியிலும் இறுகிக் கெட்டியாகும். துறைமுகம் கட்டுபவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1859 முதல் 1869 வரை எகிப்தில் சூயஸ் கால்வாய் வேலை நடந்தபோது சாண்டோரினி மண் கப்பல் கப்பலாக அங்கே போனது. ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே கடல் வழியைச் சுருக்கிய அந்தக் கால்வாயின் கட்டுமானத்தில், 3,600 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வெடிப்பின் சாம்பல் கலந்திருக்கிறது என்பது ஆச்சரியமான உண்மை!

இந்த வியாபாரம்தான் வரலாற்றின் கதவைத் திறந்தது. பக்கத்துத் தீவான தெராசியாவில் மண் வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு நுரைக்கல்லுக்கு அடியில் சுவர்கள் தட்டுப்பட்டன. 1866-ல் எரிமலை மறுபடியும் சீறியபோது அதை ஆராய வந்திருந்த ஃபெர்டினாண்ட் ஃபூக்கே என்ற பிரெஞ்சு நிலவியலாளர் அந்தச் சுவர்களைப் பார்த்தார். வெடிப்புக்கு முன்பே இங்கே மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டார். அக்ரோதிரியிலும் பழைய தடயங்கள் இருப்பதைக் கண்டார். பணத்துக்காக வெட்டிய மண், ஒரு நாகரிகத்தைக் காட்டிக்கொடுத்தது.

அக்ரோதிரி எழுந்த கதை

அதன்பின் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஸ்பைரிடான் மரினாட்டோஸ் என்ற கிரேக்கத் தொல்லியல் அறிஞர் 1930-களில் கிரீட் தீவின் வடகரையில் அகழாய்வு செய்தபோது அங்கே நுரைக்கல் கிடைத்தது. கிரீட்டில் செழித்திருந்த மினோவன் நாகரிகத்தின் வீழ்ச்சிக்குத் தீரா எரிமலையே காரணம் என்று 1939-ல் ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கருத்தை இன்றைய அறிஞர்கள் அப்படியே ஏற்பதில்லை. வெடிப்புக்குப் பிறகும் கிரீட்டில் வாழ்க்கை தொடர்ந்திருக்கிறது. ஆனால் அந்தக் கருத்துக்குச் சான்று தேடித்தான் மரினாட்டோஸ் 1967-ல் அக்ரோதிரியில் தோண்ட ஆரம்பித்தார். கிடைத்தது அவர் எதிர்பார்த்ததைவிடப் பெரியது.

இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகள். கல் பாவிய தெருக்கள். தெருவுக்கு அடியில் கழிவுநீர்க் குழாய், அதோடு இணைந்த கழிப்பறை. தானியம் சேமித்த ஆள் உயரச் சாடிகள். எடை போடும் ஈயக் கற்கள் ஏராளம். அப்படியானால் இது கணக்கு வழக்கு தெரிந்த வியாபாரிகளின் ஊர்! நெருப்புக்கோழி முட்டையில் செய்த பாத்திரங்கள்கூட இருந்தன. அந்தத் தீவில் ஏது நெருப்புக்கோழி? கடல் கடந்து வந்தவை அவை. சுவர்களிலோ குங்குமப்பூ பறிக்கும் பெண்கள், மீன் பிடித்து வரும் இளைஞன், வரிசையாகச் செல்லும் கப்பல்கள் என்று அழியாத ஓவியங்கள்.

ஓர் ஓவியத்தில் நீல நிறக் குரங்குகள் பாறையில் தாவுகின்றன. அவை ஆப்பிரிக்கக் குரங்குகள் என்றே நீண்ட காலம் கருதப்பட்டது. குரங்கியல் நிபுணர்களும் சேர்ந்து செய்து 2019 இறுதியில் வெளியிட்ட ஆய்வு ஒன்று, வாலைத் தூக்கி வைத்திருக்கும் விதத்தை வைத்து அவை இந்தியத் துணைக்கண்டத்தின் லங்கூர் குரங்குகளாக இருக்கலாம் என்று கூறியது. அது சரியென்றால், அந்தச் சின்னத் தீவின் தொடர்பு சிந்து சமவெளி வரை எட்டியிருந்தது என்று அர்த்தம்.

மரினாட்டோஸ் 1974-ல் அகழாய்வு இடத்திலேயே விபத்தில் இறந்தார். அவருக்குப் பின் கிறிஸ்டோஸ் டூமாஸ் பணியைத் தொடர்ந்தார். இன்றுவரை அந்த நகரத்தின் ஒரு சிறு பகுதிதான் வெளியே வந்திருக்கிறது.

பிணம் இல்லாத நகரம்

இத்தாலியின் பாம்பெய் நகரத்தைப் பற்றிப் படித்தவர்களுக்கு எரிமலையில் புதைந்த நகரம் என்றதும் இறந்து கிடக்கும் உருவங்கள் நினைவுக்கு வரும். அக்ரோதிரியில் அப்படி இல்லை. வெடிப்பில் செத்தவர்களின் எலும்புக்கூடு ஒன்றுகூட அந்த வீடுகளில் கிடைக்கவில்லை. நகைகளும் இல்லை. 1999-ல் ஒரு மரப்பெட்டிக்குள் கிடைத்த சிறிய தங்க ஆட்டு உருவம் மட்டும் விதிவிலக்கு.

என்ன நடந்திருக்கும்? இடிபாடுகளே சாட்சி சொல்கின்றன. முதலில் பெரிய நிலநடுக்கம் வந்திருக்கிறது. கல் படிக்கட்டுகள் நடுவில் ஒடிந்து கிடக்கின்றன. மக்கள் வெளியேறி, பிறகு சிலர் திரும்பி வந்து வேலையை ஆரம்பித்திருக்கிறார்கள். இடிந்த கற்களைத் தெருவோரம் குவித்திருக்கிறார்கள். கட்டில்களை வெளியே எடுத்து வைத்திருக்கிறார்கள். உணவுச் சாடிகளைப் பத்திரமான இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் மெல்லிய சாம்பல் மழை பெய்திருக்கிறது. செய்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதன் பிறகுதான் அந்தப் பேரழிவு.

வீடு, கடை, கப்பல் துறை என்று தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த சொத்து அத்தனையையும் விட்டுப் போவது எளிதான முடிவா? இன்று போல நிலநடுக்கக் கருவியோ வானொலியோ இல்லாத காலம் அது. நிலம் ஆடியதும் சாம்பல் விழுந்ததும்தான் அவர்களுக்குக் கிடைத்த தகவல். அவர்கள் எந்தக் கரையில் போய்ச் சேர்ந்தார்கள் என்பது இன்னும் விடை தெரியாத கேள்வி. எச்சரிக்கை கிடைக்காதவர்களின் கதி வேறு. துருக்கியின் மேற்குக் கரையில் உள்ள செஷ்மே, தீராவில் இருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அங்கே இந்த வெடிப்பு கிளப்பிய சுனாமியின் இடிபாடுகளுக்குள் ஓர் இளைஞனின் எலும்புக்கூடும் ஒரு நாயின் எலும்புக்கூடும் கிடைத்ததாக 2021-ன் இறுதியில் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

மறுபடியும் அதே கேள்வி

எரிமலை அதன்பிறகும் தூங்கவில்லை. கடைசியாக 1950-ல் வெடித்தது. 1956 ஜூலை 9-ம் தேதி வந்த நிலநடுக்கத்தில் 53 பேர் இறந்தார்கள். சாண்டோரினியில் வீடு இழந்த பலர் தீவை விட்டே போனார்கள். பின்னர் சுற்றுலா வந்தது, தீவு நிமிர்ந்தது. முன்பு விற்றது எரிமலையின் மண்ணை; இப்போது விற்பது எரிமலையின் காட்சியை. சுமார் 15,000 பேர் வாழும் தீவுக்கு 2023-ல் ஏறத்தாழ 34 லட்சம் பேர் வந்தார்கள். கூட்டம் தாங்காமல் 2025-ல் உல்லாசக் கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை நாளொன்றுக்கு 8,000 என்று வரையறுத்தார்கள்.

அதே 2025-ம் ஆண்டு ஜனவரி கடைசியில் தீவைச் சுற்றி நிலம் ஆட ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கான சிறு நிலநடுக்கங்கள். பள்ளிகள் மூடப்பட்டன, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 11,000-க்கும் மேற்பட்டவர்கள் கப்பலிலும் விமானத்திலும் வெளியேறினார்கள். பிப்ரவரி 10-ம் தேதி வந்த மிகப்பெரிய அதிர்வு 5.3 அளவு. யாரும் சாகவில்லை, எரிமலையும் வெடிக்கவில்லை. பூமிக்கடியில் எரிமலைக் குழம்பு நகர்ந்ததே காரணம் என்று பின்னர் ஆய்வுகள் கூறின.

வெடிக்காமல் போனதால் வெளியேறியது வீண் என்று சொல்ல முடியுமா? கடையைப் பூட்டிவிட்டுப் போனவருக்கு நஷ்டம்தான். அக்ரோதிரிவாசிகளுக்கும் அதே கணக்குதான் இருந்திருக்கும். உடைந்த வீட்டைச் சரிசெய்யத் திரும்பி வந்தவர்கள், பாதி வேலையில் மறுபடியும் கிளம்பியபோது எவ்வளவு யோசித்திருப்பார்கள்! ஆனால் எச்சரிக்கையை நம்பிக் கிளம்புகிறவனுக்கு நஷ்டம் வந்தால் அதை மறுபடியும் சம்பாதிக்கலாம். நம்பாமல் இருந்துவிட்டால் சம்பாதிக்க ஆளே இருக்காது. எடைக்கல் வைத்து வியாபாரம் செய்த அந்த மக்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தது.

சிவப்புக் கடற்கரைக்குப் போகிறவர்கள் பக்கத்தில் இருக்கும் அக்ரோதிரியையும் அவசியம் பார்க்க வேண்டும். முடிந்தால் அதை முதலில் பார்க்க வேண்டும். ஒடிந்த படிக்கட்டையும் ஆளில்லாத வீடுகளையும் பார்த்துவிட்டு வந்தால், மேட்டுப் பாதையில் இருக்கும் அந்த எச்சரிக்கைப் பலகை வெறும் பலகையாகத் தெரியாது. மேட்டில் நின்றபடியே பார்த்தாலும் அந்தச் சிவப்பு அதே சிவப்புதான்!