நடத்தை விதிகள் (கட்டற்ற மென்பொருள் குழுக்கள்)

நடத்தை விதிகள் என்பவை, கூடி மென்பொருள் எழுதும் தன்னார்வலர்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும், எது வரம்பு மீறல், மீறினால் யாரிடம் முறையிடலாம் என்று எழுதி வைத்துக்கொண்ட ஏற்பாடு. அலுவலகத்தில் வாய்த்துடுக்குக் காட்டுபவரைக் கூப்பிட்டு விசாரிக்க மேலாளர் உண்டு. தன்னார்வக் குழுவில் சம்பளமும் இல்லை, மேலாளரும் இல்லை. மனம் நொந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவார்.

2004இல் தொடங்கிய உபுண்டு இயங்குதளத் திட்டம் இதில் முன்னோடிகளுள் ஒன்று. மதித்துப் பேசுங்கள், சேர்ந்து உழையுங்கள் என்பதோடு, பொறுப்பிலிருந்து விலகுபவர் வேலையை அந்தரத்தில் விட்டுப் போகக்கூடாது என்றும் அதன் விதிகள் கேட்டன. உறுப்பினராக விரும்புபவர் அவற்றில் மின்னணுக் கையொப்பமிட வேண்டும். 2014இல் கோரலைன் அடா எம்கி எழுதிய ‘கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்’, எந்தக் குழுவும் எடுத்தாளக்கூடிய பொதுப் படிவமாக அமைந்து வேகமாகப் பரவியது.

அதிகம் பேசப்பட்ட வழக்கு லினக்ஸ் இயங்குதளத்தின் கருவத்தினுடையது (கர்னல்). (அங்கே இன்று நிறுவனச் சம்பளத்தில் எழுதுபவர்களே மிகுதி, பழக்கவழக்கம் மட்டும் தன்னார்வக் காலத்தது.) 2012 டிசம்பரில், கருவத்தில் செய்த மாற்றத்தால் பயனர் நிரல்கள் பழுதாயின. குற்றம் அந்த நிரல்களுடையது என்றார் ஒரு பராமரிப்பாளர். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அவரை வாயை மூடச் சொல்லி, கெட்ட வார்த்தையோடு, எல்லாரும் படிக்கும் மின்னஞ்சலில் திட்டினார். கருவத்தை மாற்றுகிறேன் என்று பயனர் நிரலைக் கெடுக்கக்கூடாது என்ற அவருடைய கருத்து சரியானது. அதைச் சொல்ல வசவு எதற்கு என்பதுதான் கேள்வி. யூஎஸ்பி 3.0 இயக்கியை எழுதிய சேஜ் ஷார்ப் 2013இல் அதை வெளிப்படையாகவே கேட்டார். 2015இல் ‘மோதல் விதி’ என்ற பெயரில் சிறு குறிப்பொன்று கருவத்தின் ஆவணங்களில் சேர்க்கப்பட்டது. பெயரே அதன் மனப்போக்கைக் காட்டிவிடுகிறது. அவ்வாண்டு அக்டோபரில், தாம் கருவப் பணியிலிருந்து விலகிவிட்டதை ஷார்ப் அறிவித்தார்.

திருப்பம் 2018 செப்டம்பர் 16 அன்று வந்தது. 4.19 பதிப்பின் சோதனை வெளியீட்டு அறிவிப்பிலேயே டோர்வால்ட்ஸ் தம் மின்னஞ்சல் வசைகளுக்கு மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் ஒதுங்கினார். எம்கியின் படிவத்தைத் தழுவிய விதிகள் அப்போதே நடைமுறைக்கு வந்தன. அவை ஒப்புக்கு வைத்தவை அல்ல என்பது 2024 நவம்பரில் தெரிந்தது: கோப்பு முறைமை ஒன்றின் முதன்மை நிரலாளர், சக பராமரிப்பாளரைத் திட்டியதற்காக, 6.13 பதிப்புக்கான பணிகளில் பங்கேற்காதபடி கட்டுப்படுத்தப்பட்டார்.

குனூ திட்டம் வேறு வழியில் போனது. 2018 அக்டோபரில் அதன் நிறுவனர் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட ‘கனிவான தொடர்பாடல் வழிகாட்டி’யில் தண்டனைப் பிரிவே கிடையாது. நிரல் எழுதினால் பிழை வரத்தான் செய்யும், ஆகவே பிழையைச் சுட்டும்போது கூடுதல் கனிவு வேண்டும் என்கிறது அது. நல்லெண்ணமுள்ளவருக்கு இது போதும். வேண்டுமென்றே சீண்டுபவரை இது என்ன செய்யும் என்பது தெளிவாக இல்லை.

நியூயார்க்கில் நிரலாளர்கள் கூடிப் பயிலும் ரிகர்ஸ் சென்டர், பெரிய வசவுகளை விட்டுச் சின்னச் சின்ன முட்களைக் கவனித்தது. “என்னது, ஸ்டாக்னா என்னன்னே தெரியாதா?” என்று போலியாக வியப்பதற்கு அங்கே தடை. கேள்வி கேட்டவர் அடுத்த முறை வாய் திறக்கமாட்டார் என்பதே காரணம். நீளமான விதித்தொகுப்புகள் பலவற்றில் இந்தக் கூர்மை இல்லை.

விதியை எழுதுவதைவிட, அது யாரைக் கட்டுப்படுத்தும் என்பதுதான் சிக்கல். ரஸ்ட் நிரல்மொழிக் குழுவில் 2021 நவம்பரில் நெறியாளர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் பதவி விலகினார்கள். மையக்குழு தன்னைத் தவிர வேறு யாருக்கும் பதில் சொல்வதில்லை, அதனால் தங்களிடம் எதிர்பார்க்கப்படும் அளவுக்கு விதிகளை நடைமுறைப்படுத்த முடியவில்லை என்றார்கள். 2023இல் மையக்குழுவுக்குப் பதிலாகத் தலைமைக் குழுமம் அமைந்தது. அதில் நெறியாளர் குழுவின் பிரதிநிதிக்கும் இடம் உண்டு.