இரண்டு வெள்ளித் துப்பாக்கியின் உண்மை விலை



இரண்டாம் உலகப் போரைப் பற்றி ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் பேசும்போது, 'லிபரேட்டர்' என்னும் கைத்துப்பாக்கியின் படத்தைக் காட்டினேன். 'விடுதலை தருவது' என்பது அப்பெயரின் பொருள். ஒருமுறை சுட்டால் மறுபடியும் தோட்டாவைக் கையால் இட வேண்டும் என்று விளக்கியதும் ஒரு மாணவன் எழுந்தான். "ஒரு குண்டுதான் போகும்னா, அதை ஏன் ஐயா பத்து இலட்சம் செஞ்சாங்க?" என்றான்.

நல்ல கேள்வி! அதற்கு விடை தேடியபோது எனக்குத் தெளிவானவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பிறந்த கதை

1942-ஆம் ஆண்டு. ஐரோப்பாவின் பெரும்பகுதி செருமானியர் பிடியில் இருந்தது. நம் மலாயா உட்பட ஆசியாவின் பல நாடுகள் சப்பானியர் வசம் இருந்தன. அடிமைப்பட்ட மக்களின் கைகளில் வானிலிருந்து ஆயுதங்களை வீசினால் எதிரி நிம்மதியாக உறங்க மாட்டான் என்று அமெரிக்கப் படையினர் எண்ணினர். சியார்ச் ஹைட் என்பவர் அதற்கேற்ற துப்பாக்கியை வடிவமைத்தார். இந்தியானா மாநிலத்தின் ஆண்டர்சன் நகரில், மகிழுந்து விளக்குகள் செய்துவந்த 'கைடு லேம்ப்' தொழிற்சாலை அதனைச் செய்தது. சூன் முதல் ஆகத்து வரை, ஏறத்தாழ 300 தொழிலாளர்கள், 11 வாரங்களில் 10 இலட்சம் துப்பாக்கிகளைச் செய்து முடித்தனர். கணக்கிட்டால், இரவு பகலாக ஏழு நொடிக்கு ஒரு துப்பாக்கி! ஒன்றின் அடக்க விலை 2 அமெரிக்க வெள்ளியைச் சற்றே தாண்டியது.

இரகசியம் காக்க, அதற்கு 'ஒளிக்குண்டு எறியும் கருவி' என்று பொய்ப்பெயர் சூட்டினர். வரைபடங்களில் விசை, குழல் என்ற சொற்களும்கூட இடம்பெறவில்லை.

தரத்தை எப்படி அளப்பது?

பொருளாக மட்டும் பார்த்தால் அது மட்டமானதுதான். தகட்டை அச்சில் அழுத்தி வளைத்து, ஒட்டவைத்த உடல். குழலின் நீளம் 4 அங்குலம். நல்ல துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் குண்டைச் சுழலச்செய்யும் திருகுவரிகள் இருக்கும். இதில் அவை இல்லை. அதனால் ஏழெட்டு மீட்டருக்கு அப்பால் குறி தவறும். சுட்டபின் வெற்றுக் கூட்டை வெளியே தள்ள ஒரு மரக்குச்சியைக் கொடுத்திருந்தார்கள். ஒரு துப்பாக்கியைச் செய்ய ஆன நேரத்தைவிட அதில் மறு தோட்டா இட ஆகும் நேரம் மிகுதி என்பது இன்றுவரை சொல்லப்படும் வேடிக்கை.

ஆனால், அது போர்க்களத்திற்காகச் செய்யப்பட்டதன்று. தனித்து நிற்கும் ஒரு காவல்வீரனை அருகில் சென்று வீழ்த்தி, அவனுடைய நல்ல துப்பாக்கியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே திட்டம். அந்நோக்கத்திற்கு ஒரு குண்டு போதும் என்று கருதினர். பெட்டியினுள் 10 தோட்டாக்களும் ஒரு தாளும் இருந்தன. அத்தாளில் ஒரு சொல்லும் இல்லை; எந்நாட்டவரும் விளங்கிக்கொள்ளும்படி படங்களாலேயே பாடம் நடத்தியிருந்தார்கள். ஓர் ஆசிரியன் என்ற முறையில் அத்தாளை நான் வியந்து பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆகவே தொழில்நுட்பத் தேர்வில் அது தேறிவிட்டது. வரலாற்றுத் தேர்வில்? ஏறத்தாழப் பாதி பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டது. ஐசன்ஹோவரின் தலைமையகம் அவற்றைப் பேரளவில் வீசுவதில் நாட்டம் காட்டவில்லை. ஆசியப் பகுதியில் மெக்கார்தரும் ஸ்டில்வெல்லும் அப்படியே. சீனாவிலும் பிலிப்பைன்சிலும் ஓரளவு வழங்கப்பட்டாலும், அதனால் விளைந்த பயனுக்குச் சான்றுகள் மிகக் குறைவு. போருக்குப்பின் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. எஞ்சியவற்றைச் சேகரிப்பாளர்கள் இன்று பெருந்தொகை கொடுத்து வாங்குகிறார்கள். அந்த விலை அதன் அருமைக்கே, தரத்திற்கன்று.

கணக்கில் வராத செலவு

அது பிறந்த காலத்தை ஒட்டி நடந்த ஒன்றை இங்கே நினைக்க வேண்டும். 1942 மே 27-இல் பிராகு நகரில் ஹைட்ரிக் என்னும் நாசித் தலைவனைச் செக்கோஸ்லோவாக்கிய வீரர்கள் இருவர் தாக்கினர். அவர்களிடம் இருந்தது லிபரேட்டர் அன்று. ஸ்டென் என்னும் மற்றொரு மலிவுத் துப்பாக்கி. தக்க தருணத்தில் அது இயங்க மறுத்தது! உடனிருந்தவர் வீசிய வெடிகுண்டால் காயமுற்ற ஹைட்ரிக், சூன் 4-இல் இறந்தான். சூன் 10-இல் லிடிட்சே என்னும் சிற்றூரில் 173 ஆண்களை நாசிகள் சுட்டுக் கொன்றனர். பெண்களை வதைமுகாமுக்கு அனுப்பினர். குழந்தைகளில் பெரும்பாலோரும் பின்னர்க் கொல்லப்பட்டனர்.

லிபரேட்டரை எடுத்துச் சுடப்போகும் விவசாயிக்கும் இதே ஆபத்துதான். குறி தவறினால் அவன் உயிர் போகும். தவறாவிட்டால் அவனது ஊரே அழியக்கூடும். அச்செலவு எந்தத் தொழிற்சாலைக் கணக்கிலும் ஏறவில்லை. கருவியைச் செய்தவன் மிச்சப்படுத்தியதை, அதைப் பிடித்தவன் தன் உயிரால் ஈடுசெய்ய வேண்டியிருந்தது. அதன் மலிவின் இரகசியம் இதுவே என்பது என் கருத்து.

வரலாற்றுப் பாடத்தில் நாம் எண்களை மனனம் செய்யவைக்கிறோம். பத்து இலட்சம், பதினொரு வாரம், இரண்டு வெள்ளி... இவை தேர்வுக்கு உதவும். எதற்காகச் செய்தார்கள், யார் கையில் கொடுத்தார்கள், தவறினால் இழப்பு யாருக்கு என்ற மூன்று வினாக்களையும் உடன் சேர்த்தால்தான் அவ்வெண்கள் பேசும்.

மறுநாள் வகுப்பில் இவற்றை என் மாணவர்களுக்கு ஏற்றவாறு சுருக்கிச் சொன்னேன். கேள்வி கேட்ட மாணவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, "அப்படின்னா ஐயா, அது செஞ்சவங்களுக்குத்தான் மலிவு" என்றான்.

இதைவிடச் சிறந்த விடையை நான் எழுதிவிட முடியாது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியன்