விண்ணிலிருந்து வீழ்ந்த வன்தட்டு

சென்ற ஆண்டு நம் துறைக் கணினியின் வன்தட்டு ‘டக், டக்’ என ஒலி எழுப்பத் தொடங்கியது. மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று பதிவு செய்துவந்த ஒப்பாரிப் பாடல்கள் அதனுள் இருந்தன. பாடிய மூதாட்டியருள் சிலர் இன்று இல்லை. நாமோ நப்பாசையால் கணினியை அணைத்தும் இயக்கியும் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஐந்தாம் முறை அந்த ஒலியும் அடங்கிவிட்டது. அந்த வருத்தத்தில் தேடிப் படித்தபோது அறிந்த வரலாறு ஒன்றை இங்குப் பகிர்ந்துகொள்கிறோம்.

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டது. ஏவப்பட்ட சிறிது நேரத்தில் எரிபொருள் கலத்தின் மேலுறையிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையைத் தாக்கியது. பிப்ரவரி 1 அன்று புவிக்குத் திரும்புகையில், அந்தச் சேதத்தின் வழியே வெப்பம் உட்புக, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உயரத்தில் ஓடம் சிதறியது. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட எழுவர் மாண்டனர். 80,000க்கும் மேற்பட்ட சிதைவுகள் பின்னர் சேகரிக்கப்பட்டன. டெக்சாஸில் வறண்ட ஏரிப்படுகை ஒன்றில், விபத்து நிகழ்ந்து ஏறத்தாழ ஆறு மாதங்கள் கழித்து, கருகிய உலோகக் கட்டி ஒன்றும் கிடைத்தது. அது ஒரு வன்தட்டு.

அதிலிருந்தது ஸெனான் பற்றிய ஆய்வு. குறிப்பிட்ட வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் நீர்மம், வாயு என்னும் வேறுபாடு மறைந்துபோகும். அந்நிலையில் ஸெனானைக் கலக்கினால் அதன் பாகுத்தன்மை குறைகிறதா என்பதே வினா. புவியில் ஸெனான் தன் எடையாலேயே அடிப்பகுதியில் செறிந்துவிடுவதால் இதனை நுட்பமாக அளக்க இயலாது. எனவேதான் விண்வெளிக்குச் சென்றார்கள். பயணத்தின்போதே அளவீடுகளில் ஒரு பகுதி தரைக்கு வந்து சேர்ந்திருந்தது. எஞ்சியது வன்தட்டோடு வீழ்ந்தது.

மினியாப்பொலிஸ் அருகே இருந்த க்ரோல் ஆன்ட்ராக் நிறுவனத்திற்கு அது அனுப்பப்பட்டது. உறையின் ஒரு பக்க அடைப்பு உருகி, உள்ளே தூசி புகுந்திருந்தது. தட்டின் மீது படிக்கும் முனை மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியில் மிதப்பது. அதற்கு ஒரு தூசித்துகளும் மலையே. ஆயினும் தகவல் பதிந்திருந்த வட்டுகள் வளையாமல் இருந்தன. பொறியாளர் ஜான் எட்வர்ட்ஸ் அவற்றை வேதிக் கரைசலால் கழுவிப் புதிய உறுப்புகளோடு பொருத்தினார். ஏறத்தாழ 99 விழுக்காடு தகவல் மீண்டது.

பழமையும் இதற்குத் துணைநின்றது. அக்கணினியில் இயங்கியது டாஸ் என்னும் பழைய இயங்குதளம். அது தகவலை வட்டெங்கும் சிதறவிடாமல் ஒருசேர எழுதியிருந்தது. வட்டு ஏறத்தாழப் பாதியே நிரம்பியிருந்தது. சேதமுற்றதோ வெற்றிடப் பகுதி. அதே ஓடத்திலிருந்து கிடைத்த வேறிரு வன்தட்டுகளில் எதுவும் தேறவில்லை. ஆகவே திறமையோடு ஊழும் இங்கே கைகொடுத்தது என்றே சொல்ல வேண்டும். 2008இல் ராபர்ட் பெர்க்கும் உடனாய்வாளர்களும் ‘பிசிக்கல் ரிவ்யூ ஈ’ இதழில் முடிவை வெளியிட்டனர். கலக்கும்போது ஸெனானின் பாகுத்தன்மை குறைந்தது. கோட்பாடு முன்பே உரைத்தது மெய்யாயிற்று.

எழுவர் உயிரை எவராலும் மீட்க இயலவில்லை. அவர்கள் செய்த வேலை மட்டும் மீண்டது. மாண்டோர்க்குச் செய்யும் மரியாதைகளுள் இதுவும் ஒன்றெனக் கொள்ளலாம்.

நம் பிழை இப்போது விளங்குகிறது. பழுதுற்ற வன்தட்டை மீண்டும் மீண்டும் இயக்கினால், கெட்ட முனை வட்டின் மேற்பரப்பைச் சுரண்டிவிடக்கூடும். இயல்புக்கு மாறான ஒலி கேட்ட உடனே நிறுத்திவிட்டு, அறிந்தவரிடம் ஒப்படைத்து, முழு வட்டுக்கும் முதலில் ஒரு படி எடுக்க வேண்டும். தேடல் யாவும் அந்தப் படியில்தான் நிகழவேண்டும். செல்லரித்த சுவடியைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதைவிட உடனே படியெடுப்பதே முறை என்பதை மாணவர்க்குச் சொல்லித்தரும் நமக்கே இது தோன்றவில்லை.

அந்த வன்தட்டை இப்போது துணியில் சுற்றிப் பேழையில் வைத்திருக்கிறோம். இனி நாமாக அதனை இயக்கப் போவதில்லை. மாணவர்கள் மீண்டும் அதே ஊர்களுக்குச் செல்லவிருக்கிறார்கள். இம்முறை பதிவுகள் ஒவ்வொன்றும் மூன்று இடங்களில் இருக்கும். பாடியவர்கள் எல்லாரும்தாம் இருக்கப் போவதில்லை.