செல்லாத முத்திரையும் ஒரு சுற்றறிக்கையும்

பிரவுசர் "அப்டேட் செய்யவா?" என்று கேட்டால், என் பென்ஷன் நண்பர்கள் பலர் "பிறகு" என்பதைத்தான் தொடுகிறார்கள். அதனால் நமக்கு என்ன லாபம் என்று ஒருவர் கேட்டார். வாயால் சொன்னால் நீளும் என்பதால் இங்கே எழுதுகிறேன். 2014-இல் நம் நாட்டில் நடந்த ஒரு விஷயத்தைச் சொன்னாலே பதில் கிடைத்துவிடும்.

அரசாங்க ஆபீஸில் இருந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மார்க் ஷீட் நகல் வந்தால் சான்றொப்பம் இருக்கிறதா, பச்சை மைக் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் இருக்கிறதா என்று பார்ப்போம். கையெழுத்துப் போட்ட அதிகாரியை நமக்கு நேரில் தெரியாது. பதவியை நம்பி ஏற்றுக்கொள்வோம். இணையத்திலும் இதே ஏற்பாடுதான். பேங்க் தளத்தைத் திறந்தால், "இது அந்த பேங்க்தான்" என்று ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வருகிறது. அப்படிச் சான்று தரத் தகுதியுள்ள அமைப்புகளின் பட்டியல் விண்டோஸிலோ பிரவுசரிலோ முன்கூட்டியே இருக்கும். அதில் யார் கையெழுத்திட்டாலும் பிரவுசர் ஏற்றுக்கொள்ளும்.

ஓர் ஆபீஸில் ரப்பர் ஸ்டாம்ப் காணாமல் போனால் என்ன செய்வோம்? போலீஸில் புகார் கொடுப்போம். பிறகு, இந்த முத்திரை இனி செல்லாது என்று எல்லா ஆபீஸ்களுக்கும் சுற்றறிக்கை அனுப்புவோம். சுற்றறிக்கை போய்ச் சேராத ஆபீஸில் அந்த ஸ்டாம்ப் செல்லுபடியாகிக்கொண்டே இருக்கும்.

இனி 2014-க்கு வருகிறேன். கலெக்டர் ஆபீஸ்தோறும் ஓர் அறையில் இருக்குமே, அந்த என்ஐசி, அதாவது தேசிய தகவலியல் மையம், அப்போது டிஜிட்டல் சான்றிதழ்களும் வழங்கி வந்தது. அதற்கு மேலே இருப்பது மத்திய அரசின் சிசிஏ என்கிற கட்டுப்பாட்டு அலுவலகம். சிசிஏ-வின் பெயர் விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலில் இருந்தது. ஜூலை 2-ஆம் தேதி, தன்னுடைய பல தளப் பெயர்களுக்கு என்ஐசி கையெழுத்தில் சான்றிதழ்கள் இருப்பதை கூகுள் கண்டுபிடித்தது. கூகுள் அவற்றைக் கேட்கவே இல்லை. அப்படி ஒரு சான்றிதழைக் கையில் வைத்திருப்பவன் நமக்கும் தளத்துக்கும் நடுவில் புகுந்துகொண்டால், பூட்டுச் சின்னம் உட்பட எல்லாம் சரியாகத் தெரியும். பாஸ்வேர்டு அவனிடம் போய்விடும்.

சிசிஏ மறுநாளே என்ஐசியின் இடைநிலைச் சான்றிதழ்கள் அனைத்தையும் ரத்து செய்தது. சான்றிதழ் வழங்கும் முறைக்குள் ஊடுருவல் நடந்திருக்கிறது, தவறாகப் போனவை நான்கு, முதலாவது போனது ஜூன் 25-இல் என்று பிறகு சொன்னது. மூன்று கூகுளின் பெயர்களுக்கு, ஒன்று யாஹூவின் பெயர்களுக்கு. இந்த நான்கில் சேராத சான்றிதழ்களும் தன் பார்வைக்கு வந்ததாக கூகுள் தெரிவித்தது. பரவலாகத் தவறாகப் பயன்பட்டதற்கு அறிகுறி இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

ரத்து உத்தரவு போட்டது டெல்லியில். திருவள்ளூரில் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அது எப்படித் தெரியும்? அப்டேட் மூலமாகத்தான். க்ரோம் உடனே தன் தடைப் பட்டியலை எல்லோருக்கும் அனுப்பியது. மைக்ரோசாப்ட் ஜூலை 10-இல் விண்டோஸுக்கு அனுப்பியது. ஃபயர்ஃபாக்ஸ் தன் சொந்தப் பட்டியலை வைத்திருந்தது. அதில் சிசிஏ இல்லாததால் அதற்குப் பாதிப்பில்லை.

விண்டோஸ் எக்ஸ்பிக்கு அந்த வருஷம் ஏப்ரல் 8-ஆம் தேதியோடு மைக்ரோசாப்டின் ஆதரவு நின்றிருந்தது. கும்மிடிப்பூண்டி பஜார் பிரவுசிங் சென்டர்களில் அப்போதும் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்தது. சிப்காட்டில் வேலை செய்யும் ஒடிசா, பீகார் பையன்கள் ஊருக்கு ரயில் டிக்கெட் எடுக்க ஞாயிற்றுக்கிழமை அங்கே காத்திருப்பார்கள். அந்த ஜூலை மாதச் சுற்றறிக்கை அவர்கள் உட்கார்ந்த மெஷினுக்கு வரவில்லை.

நம் நாட்டில்தான் இப்படி என்று சலித்துக்கொள்ள வேண்டாம். 2013 டிசம்பரில் பிரான்ஸிலும் இதேபோல் நடந்தது. அங்கே நிதி அமைச்சகத்தின் கீழிருந்த ஒரு சான்றிதழ் அமைப்பு கூகுளின் பெயர்களுக்குக் கையெழுத்திட்டுவிட்டது. அரசின் இணையப் பாதுகாப்பு முகமையான ஆன்ஸ்ஸி அதை மனிதத் தவறு என்று அறிவித்தது. நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அறிவிப்பை மூலத்திலேயே படித்தேன். நம் ஆபீஸ் நடையேதான்! சான்றிதழ்கள் "கையெழுத்திடப்பட்டன". யார் போட்டார் என்று ஆள் பெயர் வராது.

இரண்டு இடத்திலும் முடிவு ஒன்றுதான். பிரெஞ்சு அரசின் முத்திரை பிரெஞ்சு முகவரிகளுக்கு மட்டும் செல்லும் என்று க்ரோம் குறுக்கியது. இந்திய முத்திரையை ஜிஓவி.இன், என்ஐசி.இன், ரிசர்வ் வங்கி என ஏழு முகவரிகளுக்குள் நிறுத்தியது. ஓர் அரசின் முத்திரை எதுவரை செல்லும் என்று ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தீர்மானிப்பது, காலமெல்லாம் அரசு முத்திரையை மதித்த எனக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் பறிபோகக்கூடியது அடுத்த வீட்டுக்காரரின் பென்ஷன் பணம் என்று நினைத்தால், அந்த உறுத்தலை ஒதுக்கி வைக்கத்தான் வேண்டும்.

சான்றிதழ் விஷயம் ஒரு பகுதிதான். பிரவுசரின் நிரலில் உள்ள ஓட்டைகளை அடைப்பதும் அப்டேட்தான். 2023 ஆகஸ்ட் முதல் க்ரோம் வாரந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் தருகிறது. ஏன் இத்தனை அவசரம்? க்ரோமின் மூல நிரல் யாரும் பார்க்கக்கூடியது. ஓட்டையை அடைத்த இடத்தைப் பார்த்தே ஓட்டை எங்கே இருந்தது என்று திருடன் தெரிந்துகொள்வான். அதற்குப் பிறகு அடைக்காமல் இருப்பவர் வீட்டைத்தான் தேடுவான்.

ஆகவே நண்பர்களே, அப்டேட் இறங்கியிருந்தால் பிரவுசரை ஒருமுறை மூடித் திறங்கள். அப்போதுதான் அது அமலுக்கு வரும். ஏதாவது ஒரு தளம் நடுவில் குதித்து "உங்கள் பிரவுசர் பழையது, இதை இறக்குங்கள்" என்றால் தொடாதீர்கள். உண்மையான அப்டேட் பிரவுசரின் சொந்த மெனுவில் இருக்கும், போனில் என்றால் பிளே ஸ்டோரில். அப்டேட்டே வராத பழைய போனில் பாட்டுக் கேளுங்கள், பேங்க் வேலை மட்டும் வேண்டாம்.