கையுறை வீசியவன் கதை

ஒரு கையுறையால கொலை வழக்கே முடிஞ்சு போன கதை தெரியுமா உங்களுக்கு?

ஒருத்தன் தன்னை நிரூபிச்சுக் காட்டுறதைப் பத்தி ஆங்கிலத்துல நிறைய மரபுத்தொடர்கள் உண்டு. 'ஆசிட் டெஸ்ட்' தங்கத்தைச் சோதிக்கிறதுல இருந்து வந்தது. நைட்ரிக் அமிலம் பட்டா செம்பு கரையும், தங்கம் அசையாது. 'ப்ரூவ் யுவர் மெட்டில்'ல வர்ற மெட்டிலும் உலோகம்தான். மெட்டல், மெட்டில் ரெண்டும் ஒரே சொல். எழுத்து பிற்பாடுதான் பிரிஞ்சது.

மூணாவது, 'த்ரோ டவுன் த கான்ட்லெட்'. சவால் விடறதுன்னு அர்த்தம். கான்ட்லெட்னா போர்வீரனோட கவசக் கையுறை. ஒருத்தன் அதைக் கீழே வீசுவான். எதிராளி எடுத்தா சண்டைக்குச் சம்மதம். இது வெறும் வீராப்பு இல்லீங்க, இங்கிலாந்துல சட்டமாவே இருந்துச்சு! 1066-க்குப் பிறகு நார்மன்கள் கொண்டு வந்த வழக்கம். குற்றம் சாட்டினவனோட மோதி ஜெயிச்சா நிரபராதி. கடவுள் நியாயத்தின் பக்கம்தான் நிப்பார்னு நம்பிக்கை.

சரி, கதைக்கு வருவோம். 1817 மே மாதம். பர்மிங்காம் பக்கத்துல எர்டிங்டன். மேரி ஆஷ்ஃபோர்டு என்ற 20 வயசுப் பெண் தண்ணீர் நிறைஞ்ச குழியில பிணமாக் கிடந்தா. முந்தின ராத்திரி நடன விருந்துல அவளோட இருந்த ஆபிரகாம் தார்ன்டன் மேல வழக்கு. அவன் வேற இடத்துல இருந்ததா சாட்சிகள் சொல்ல, ஜூரி விடுதலை பண்ணிட்டாங்க.

ஆனா அந்தக் காலச் சட்டப்படி, செத்தவரோட வாரிசு மறுபடியும் வழக்குப் போடலாம். மேரியின் சகோதரன் வில்லியம் போட்டான். அதே வருஷம் நவம்பர்ல, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்றத்துல தார்ன்டன் என்ன பண்ணான் தெரியுமா? "நான் குற்றவாளி இல்லை, சண்டை போட்டு நிரூபிக்கிறேன்"னு ஒரு கையுறையைத் தூக்கி வீசினான்!

வழக்கறிஞர்களுக்கே அதிர்ச்சி. எல்லாரும் மறந்து போன சட்டம், ஆனா ரத்தாகல. 1818 ஏப்ரல்ல நீதிபதிகள் வேற வழியில்லாம அவனுக்கு அந்த உரிமை உண்டுன்னு சொல்லிட்டாங்க. தார்ன்டன் வாட்டசாட்டமான ஆளு, வில்லியம் ஒல்லிப் பையன். கையுறையை எடுக்கல. தார்ன்டன் வெளியே நடந்தான். 1819-ல பாராளுமன்றம் அந்தச் சட்டத்தையே ஒழிச்சுது.

தார்ன்டன் உண்மையிலேயே நிரபராதியா இருந்திருக்கலாம். ஆனா அதைக் காட்டினது முதல் வழக்குல பேசின சாட்சிகள். கையுறை காட்டினது அவன் பலசாலிங்கிறதை மட்டும்தான். அமிலத்துக்கு ஆள் ஒல்லியா குண்டான்னு தெரியாது. கையுறைக்கு அது மட்டும்தான் தெரியும்.

இனிமே யாராவது "தில் இருந்தா மோதிப் பாரு"ன்னா, எனக்கு அந்த ஒல்லிப் பையன்தான் ஞாபகம் வருவான். உங்களுக்கு?