உழைத்தோர் உலையும் பண்ணையின் மரக்காலும்

மன்னர்களின் போர்களையும் அரண்மனைகளையும் கொண்டு வரலாறு எழுதுவது நெடுங்கால வழக்கம். நம் மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோரோ அடுக்களையிலிருந்து தொடங்குதல் வேண்டும். ஓர் உழவுக் குடும்பம் என்ன உண்டது, அதனை அளந்து கொடுத்தவர் யார், அந்த அளவுக்காக அக்குடும்பம் எதனை இழந்தது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கண்டால், அடிமைத்தனத்தின் கணக்கேடு முழுவதும் நம் முன் விரியும். நெற்களஞ்சியம் எனப் புகழ்பெற்ற தஞ்சைத் தரணியை எடுத்துக்கொண்டு அக்கணக்கை ஈண்டு ஆராய்வோம்.

1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை முறையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்று விதித்தது. 1860இல் இயற்றப்பெற்ற தண்டனைச் சட்டம், மனிதரை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. ஆயினும் அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் காவிரிப் படுகையில் பண்ணையாள் முறை நிலைத்திருந்தது. சட்டம் அவிழ்த்த கட்டை மீண்டும் கட்டியது எது? சோறுதான் என்பதே நமது விடை.

பண்ணையாளின் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. இரண்டு படி நெல்லைக் குத்தினால் ஏறத்தாழ ஒரு படி அரிசியே தேறும். பதரும் கருக்காயும் கலந்த நெல்லாயின் அதுவும் குறையும். வயலில் நாள் முழுதும் நின்ற பெண், வீடு திரும்பியபின் அந்நெல்லைக் குத்திப் புடைத்து உலையேற்றினாள். அவ்வுழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அவளுக்கு அளக்கப்பட்ட கூலியோ ஆணின் கூலியினும் குறைவு. அரிசி போதாத நாட்களில் வரப்போரக் கீரையும், வாய்க்கால் நண்டும், வயல் நத்தையும் அக்குடும்பத்தைக் காத்தன. இவ்வுணவைக் காட்டி நம்மை இழித்துப் பேசியோர், நம் உலைக்கு அரிசி எட்டாமற் போனது எவ்வாறு என்று எண்ணிப் பார்த்ததில்லை.

கூலி நெல்லாய் இருந்ததில் ஒரு நன்மையும் உண்டு. கடையில் விலை ஏறினாலும் மரக்கால் சுருங்காது. ஆனால் ஆண்டு முழுதும் வேலை இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நடவு முடிந்த வயலில் கூலிக்கு இடமில்லை. தை அறுவடையோ தொலைவில் இருந்தது. அந்த இடைவெளியை நிரப்பியது கடன் நெல். பசிக்கு வாங்கிய நெல்லைக் களத்துமேட்டில் கூடுதலாகத் திருப்பியளக்க வேண்டியிருந்தமையால், கைக்கு வந்த கூலி வீடு சேருமுன்பே கரைந்தது. அடுத்த ஆண்டும் கடன். அதன் பொருட்டு அதே பண்ணையில் உழைப்பு. குடிசை நின்ற மனையும் நிலவுடைமையாளருக்கே உரியதாதலின், பண்ணையை விட்டவன் மனையையும் விடவேண்டும். கடல் கடக்கத் துணிந்தோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாத் தோட்டங்களுக்குச் சென்றனர். எஞ்சியோர் மரக்காலின் கீழ்க் கிடந்தனர்.

1940களில் பி. சீனிவாசராவ், மணலூர் மணியம்மை முதலியோர் முன்னின்ற விவசாயிகள் இயக்கத்தில் நம் மக்கள் திரண்டனர். சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழியவேண்டும் என்று முழங்கிய அதே குரல், முத்திரையிட்ட மரக்காலால் கூலி அளக்கவேண்டும் என்றும் கேட்டது. மானமும் சோறும் வேறு வேறல்ல என்பதை எழுத்தறியாத நம் முன்னோர் தெளிவாக அறிந்திருந்தனர். அப்போராட்டத்தின் பயனாக 1952இல் தஞ்சை சாகுபடியாளர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது.

1960இல் தஞ்சையில் தீவிர வேளாண்மைத் திட்டம் தொடங்கியது. 1966இல் ஆடுதுறை 27 என்னும் புதிய நெல்ரகம் வந்தது. விளைச்சல் பெருகியபோது, தமக்கும் அரைப்படி நெல் கூட்டியளக்குமாறு தொழிலாளர் கேட்டனர். நிலவுடைமையாளர் தம் அமைப்புக்கு நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று பெயரிட்டிருந்தனர். நாற்று நட்ட கையும் கதிர் அறுத்த கையும் அப்பெயருக்கு உரியனவாகக் கருதப்படவில்லை. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அடுத்த ஆண்டில் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும், 1971இல் குடியிருப்பு மனையை அதில் வாழ்வோர்க்கே உரிமையாக்கும் சட்டமும் வந்தன. 1976இல் ஆண் பெண் சம ஊதியச் சட்டம் இயற்றப்பட்டது. இச்சட்டங்களை எவரும் நமக்குத் தானமாக வழங்கவில்லை. இவற்றுக்குக் கொடுக்கப்பட்ட விலையை நாம் மறக்கலாகாது.

இக்கணக்கிற்கும் கல்விக்கும் என்ன தொடர்பு என்று இளைஞர் வினவலாம். மாடு மேய்த்தால் ஒரு வேளைக் கஞ்சி கிடைக்கும். பள்ளி சென்றால் அது கிடைக்காது. ஏழைக் குடும்பம் பிள்ளையை மாட்டின் பின்னே அனுப்பியது அறியாமையால் அன்று, கணக்கு அறிந்ததனால். 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் நண்பகல் உணவு வழங்கத் தொடங்கியதும், 1956இல் காமராசர் அதனை நாடெங்கும் விரித்ததும், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக வளர்த்ததும், 2022இல் காலை உணவு சேர்ந்ததும் அந்தக் கணக்கையே மாற்றின. தட்டு பள்ளிக்கு வந்தபோது பிள்ளையும் பள்ளிக்கு வந்தது.

வருவாய் உயர உயர, செலவில் உணவின் பங்கு குறையும் என்று செருமானியப் புள்ளியியலார் எங்கல் 1857இல் எழுதினார். இந்திய நாட்டுப்புறக் குடும்பச் செலவில் உணவின் பங்கு 1999–2000இல் நூற்றுக்கு ஏறத்தாழ 59. 2022–23இல் ஏறத்தாழ 46. இது சராசரி. நிலமின்றிக் கூலியை நம்பி வாழும் வீட்டில் இப்பங்கு இன்னும் மிகுதி என்பதை நம் தெருவிலேயே காணலாம். உலையிலிருந்து மிச்சமாகும் ஒவ்வொரு காசும் நூலாகவும் கட்டணமாகவும் மாற வேண்டியது. அது வட்டிக்கும் மதுவுக்கும் வீண் சடங்குக்கும் போகுமாயின், மரக்காலை நாமே மீண்டும் பிறர் கையில் கொடுத்தவராவோம்.

ஆதலின் இளைஞர்களே, உங்கள் இல்லத்து முதியோரிடம் அமர்ந்து, அவர்கள் அந்நாளில் என்ன கூலி பெற்றனர், எதனை உண்டனர், எத்தனை நாள் பட்டினி கிடந்தனர் என்று கேட்டு எழுதுங்கள். நம்மை அளந்தவர்கள் எழுதிய கணக்கேடுகள் உள்ளன. அளக்கப்பட்டவர்களின் கணக்கை இனி நாமே எழுதுதல் வேண்டும்.