சிறுதேரும் தள்ளுவண்டியும்

குழந்தை பிறப்பதற்கு முன்பே அதற்கு வேண்டிய பொருள்களைப் பட்டியலிட்டு வாங்கி வைக்கும் வழக்கம் நம் நகரக் குடும்பங்களில் வேரூன்றிவிட்டது. தள்ளுவண்டி, நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் பை, காரில் பொருத்தும் இருக்கை, விளையாட்டு விரிப்பு, தலைக்குமேல் சுழலும் பொம்மைகள், நடை பயிலும் வண்டி என்று அப்பட்டியல் நீள்கிறது. எடை எவ்வளவு, மடிக்க முடியுமா, விலை என்ன என்பவையே கடையில் கேட்கப்படும் கேள்விகள். ஆனால் இப்பொருள்களின் வரலாற்றைச் சற்றுப் பின்தொடர்ந்து சென்றால் வேறொரு கேள்வி முன்வந்து நிற்கிறது. வண்டியை உருட்டியது யார், குழந்தையைத் தூக்கியது யார் என்பதே அது. இக்கட்டுரை அக்கேள்வியை ஒட்டியே நகர்கிறது.

பிறப்பதற்கு முன் எதையும் வாங்கக் கூடாது என்பதே நம் பாட்டிமார் வகுத்த விதி. தொட்டில் வாங்கக் கூடாது. வெறுந்தொட்டிலை ஆட்டவும் கூடாது. முதலில் உடுத்துவது பழந்துணியாக இருக்க வேண்டும். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. பிறந்த குழந்தை ஓராண்டைத் தாண்டுமா என்பதே உறுதியில்லாதிருந்த காலத்தில், ஆளில்லாத தொட்டில் ஒன்று வீட்டில் கிடப்பதை எந்தத் தாயால் தாங்கியிருக்க முடியும்? துயரத்தை எதிர்பார்த்து அமைத்துக்கொண்ட தற்காப்பு அது. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் உயிருடன் பிறக்கும் 1000 குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறப்பவை 13. முன்கூட்டியே பட்டியல் போடும் துணிவை நமக்குத் தந்தது அந்த மாற்றந்தான்.

பெரியாழ்வார் திருமொழியிலும் ஒரு பட்டியல் உண்டு. மாணிக்கமும் வயிரமும் இழைத்த பொற்றொட்டிலைப் பிரமன் அனுப்புகிறான். இந்திரன் கிண்கிணி கொண்டுவருகிறான். மற்றத் தெய்வங்களும் ஆளுக்கொன்றாக அனுப்புகின்றன. எல்லாம் குழந்தை பிறந்தபின் வந்து சேர்பவை என்பது கவனிக்கத்தக்கது. அத்தொட்டிலை ஆட்டித் தாலாட்டுபவள் யசோதை. பெற்றவள் தேவகியோ வேறோர் ஊரில் இருக்கிறாள்.

*

தமிழில் குழந்தையின் வண்டி சங்க இலக்கியத்திலேயே உருளத் தொடங்கிவிடுகிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் நெல் உலர்கிறது. அதைக் கொத்த வரும் கோழியை விரட்டப் பெண்கள் தம் காதணியைக் கழற்றி எறிகிறார்கள். விழுந்து கிடக்கும் அக்கனங்குழை, சிறுவர் உருட்டிவரும் மூன்றுகால் சிறுதேரின் வழியை மறிக்கிறது. ஊரின் செல்வத்தைச் சொல்ல வந்த புலவர், இடையே நமக்கொரு பொருளின் அமைப்பையும் சொல்லிச் சென்றிருக்கிறார். மூன்று சக்கரம், பூட்டக் குதிரையில்லை, இயக்குவது குழந்தை. நம் வீடுகளில் அண்மைக்காலம் வரை இருந்த மர நடைவண்டியும் மூன்று சக்கரமுடையதே. நற்றிணையின் 250ஆம் பாடலில் கிண்கிணி ஒலிக்கத் தெருவில் தேர்கொண்டு நடை பழகும் புதல்வன் ஒருவன் வருகிறான். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நடைவண்டியின் முன்னோரைச் சிறுதேரில் காணலாம் என்று தோன்றுகிறது.

குறுந்தொகையின் 61ஆம் பாடல் இன்னும் நுட்பமானது. தச்சன் செய்து கொடுத்த சிறு வண்டியில் ஏறிச் செல்ல முடியாவிட்டாலும், அதைக் கையால் இழுத்தே சிறுவர் இன்புறுவதைக் காதலுக்கு உவமையாக்குகிறது அது. விளையாட்டைப் பற்றிய ஆழமான அவதானிப்பு இதற்குள் இருக்கிறது. குழந்தைக்கு ஏறி உட்கார்வதைவிட இழுப்பதில் இன்பம் மிகுதி. சங்க இலக்கியத்தின் சிறுதேர்கள் குழந்தையைச் சுமப்பதில்லை. குழந்தையே அவற்றை இழுத்துக்கொண்டு போகிறது.

ஆனால் இச்சித்திரத்தில் மற்றொருத்தியும் இருக்கிறாள். பெரும்பாணாற்றுப்படையில் வளமான உழவர் பேரூர் ஒன்று வருகிறது. தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் ஆசைப்படும்படி செய்யப்பட்ட தேர் அங்கே உருள்கிறது. உருட்டிய பிள்ளைகள் தளர்நடையால் களைத்துப்போய்ச் செவிலித்தாயைத் தழுவி, அவளிடம் பாலுண்டு, படுக்கையில் உறங்குகிறார்கள். பசி அறியாத இல்லத்தின் அழகு அது. எனினும் இரண்டு ஐயங்கள் எழுகின்றன. தேர் செய்யும் தொழிலுக்குரிய வீட்டின் பிள்ளை ஏன் அதை ஆசையோடு பார்க்க வேண்டும்? பிறர் பிள்ளைக்குப் பாலூட்டும் செவிலியின் சொந்தப் பிள்ளை அந்நேரம் எங்கே இருந்தது? பாடல் இதற்கு விடை சொல்லவில்லை. சொல்வது அதன் நோக்கமும் அன்று. வரலாற்றைப் படிப்பவர்தாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் இவ்விளையாட்டுகளை ஒரு வரிசையில் வைத்தது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி ஆகிய ஏழு பருவங்கள் இருபாலுக்கும் பொது. கடைசி மூன்றில்தான் வழி பிரிகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் வருகின்றன. பெண்பாலில் பெரும்பாலும் அம்மானை, நீராடல், ஊசல் வருகின்றன. ஆண்பிள்ளை தேர் உருட்டித் தெருவுக்குப் போகிறான். பெண்பிள்ளை ஊசலில் ஆடுகிறாள். ஊசல் எவ்வளவு வீசி ஆடினாலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவது. வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போது மாணவியர் முகத்தில் ஒரு சிறு புன்னகை தோன்றுவதைக் கண்டிருக்கிறேன். நீலம், இளஞ்சிவப்பு என்று இன்று கடைகளில் அடுக்கி வைத்திருப்பதற்கு முன்பே பொம்மைக்குப் பாலுண்டு என்பதை அவர்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

*

இலக்கியத்தின் பொற்றொட்டிலுக்கு வெளியே, பெரும்பாலான தமிழ்க் குழந்தைகள் கிடந்தது தூளியில். பழைய சேலையொன்றின் இரு தலைப்பையும் உத்தரத்திலோ மரக்கிளையிலோ முடிந்துவிட்டால் ஏணை ஆயிற்று. துவைக்கலாம், மடிக்கலாம், தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வயலுக்குப் போகலாம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண்கள் வரப்போரத்து மரத்தில் தூளி கட்டினார்கள். கைக்குழந்தையோடு வேலைக்குப் போக வேண்டியிருந்தவள் தன் தேவைக்குத் தானே அமைத்துக்கொண்ட பயணக் கருவி அது. விளையாட்டுக்குப் பனையோலைக் கிலுகிலுப்பையும் மரப்பாச்சியும் போதுமானவையாக இருந்தன. இதை அளவுமீறிப் போற்றவும் வேண்டியதில்லை. பச்சிளங்குழந்தையைத் தட்டையான உறுதியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைத்தே உறங்கவிட வேண்டும் என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. தூளியில் கழுத்து மடங்கிக் கிடக்கும் குழந்தையை யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வரப்போரத்தில் அந்த யாராவது, பெரும்பாலும் பள்ளிக்குப் போகாத அக்காளாகவே இருந்தாள்.

இத்தூளிக்கு நேர் எதிர்முனையில் பிறந்தது ஐரோப்பியத் தள்ளுவண்டி. இங்கிலாந்தில் டெவன்ஷயரின் மூன்றாம் பிரபுவுடைய குழந்தைகளுக்காக, 1733 வாக்கில் வில்லியம் கென்ட் என்னும் கட்டடக் கலைஞர் கிளிஞ்சல் வடிவில் ஒரு வண்டியை அமைத்தார் என்பர். ஆடோ மட்டக்குதிரையோ இழுக்கும்படி செய்யப்பட்ட அது, பிரபுவின் தேரைச் சிறிதாக்கிய வடிவமேயாகும். மனிதர் பின்னின்று தள்ளும் வண்டி அடுத்த நூற்றாண்டில் பரவியது. 1853இல் சார்ல்ஸ் பர்ட்டன் என்பவர் இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை பெற்றார். 'பெராம்புலேட்டர்' என்று அதற்குப் பெயர் வந்தது. தூரத்தை அளக்க நில அளவையாளர் உருட்டிச் சென்ற சக்கரத்துக்கு அதற்கு முன்பே அப்பெயர் உண்டு. இந்திய நிலத்தை அளந்தவர்களும் அச்சக்கரத்தை உருட்டியவர்களே.

விக்டோரியா காலத்து வசதியான வீடுகளில் அவ்வண்டியைப் பூங்காவுக்குத் தள்ளிச் சென்றவள் பெரும்பாலும் பணிப்பெண். காலனிய இந்தியாவில் அவ்விடத்தை ஆயா நிரப்பினாள். தமிழ்நாட்டின் சில வட்டாரங்களில் பாட்டியை ஆயா என்பதுண்டு. பிள்ளை பார்க்கும் பணிப்பெண்ணைக் குறிக்கும் ஆயாவோ போர்ச்சுகீசியத்தின் வழியாக வந்த சொல். ஆங்கிலேயக் குடும்பங்கள் தாயகத்துக்குக் கப்பலேறியபோது, வாரக்கணக்கில் நீண்ட அப்பயணத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்களையும் அழைத்துச் சென்றன. கரை சேர்ந்ததும் பலர் கைவிடப்பட்டனர். திரும்பும் பயணச்சீட்டு இன்றித் தவித்த அத்தகைய பெண்கள் தங்குவதற்கென்றே இலண்டனில் ஆயாக்கள் இல்லம் ஒன்று இயங்கியது. அவ்வில்லம் இருந்த ஹாக்னி பகுதிக் கட்டடத்தில் 2022இல் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. குழந்தையோடு செய்யும் பயணத்துக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு ஒரு பேரரசு கண்ட விடை இது. ஒரு பெண்ணையே பயணப்பொருளாக எடுத்துச் சென்று, கரை சேர்ந்ததும் இறக்கிவிட்டுப் போவது.

*

வண்டியின் கைப்பிடி பெற்றவர் கைக்கு வந்தது, பணிப்பெண் இல்லாத நடுத்தர வீடுகள் பெருகிய பிறகுதான். அப்போது எடை ஒரு பிரச்சினையாயிற்று. ஓவன் மக்லாரன் என்னும் ஓய்வுபெற்ற விமானப் பொறியாளர், கனத்த வண்டியோடு தம் மகள் படும் பாட்டைப் பார்த்தார். ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் சக்கர அமைப்பில் பணியாற்றிய அவர், அவ்வனுபவத்தைக் கொண்டு குடைபோல மடியும் இலேசான அலுமினிய வண்டியொன்றை வடிவமைத்து, 1965இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். போருக்குக் கற்ற தொழில்நுட்பம், பேரக்குழந்தையை முன்னிட்டு வீட்டுக்குள் வந்த கதை இது.

ஏறக்குறைய அதே காலத்தில் ஆன் மூர் என்னும் அமெரிக்கச் செவிலியர், மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் பணியாற்றினார். அங்கே தாய்மார் துணியால் குழந்தையை உடலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வேலை செய்வதையும், அக்குழந்தைகள் அமைதியாக இருப்பதையும் கண்டார். ஊர் திரும்பித் தம் தாயின் உதவியோடு அதுபோன்றதொரு பையைத் தைத்தார். 1969இல் காப்புரிமை பெற்ற அது 'ஸ்னக்லி' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்று நம் கடைகளில் தொங்கும் நெஞ்சுப்பைகளின் குலத்தில் அதற்கு முக்கிய இடமுண்டு. தூளியும் அந்தத் துணிக்கட்டும் ஒரே தேவையிலிருந்து பிறந்தவை. இரண்டும் உழைக்கும் பெண்கள் கண்ட வழிகள். அவற்றில் ஒன்று மட்டும் கடல் கடந்து, பெயர் மாறி, விலைச்சீட்டோடு நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

குழந்தையின் முகம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்கும் வரலாறு உண்டு. வில்லியம் ரிச்சர்ட்சன் என்னும் கறுப்பின அமெரிக்கர், குழந்தை தள்ளுபவரைப் பார்க்குமாறு தொட்டியைத் திருப்பிக்கொள்ளும் அமைப்புக்கு 1889இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். மடிக்கும் வசதி முதன்மையானபோது பல வண்டிகளில் குழந்தை வெளிப்புறம் பார்க்கத் தொடங்கியது. முகம் பார்க்கும் வண்டியில் பெற்றோர் குழந்தையோடு கூடுதலாகப் பேசுகிறார்கள் என்று டண்டீ பல்கலைக்கழக உளவியலாளர் சூசன் ஸீடிக் 2008இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அம்புலியையும் காக்கையையும் காட்டிப் பேசிக்கொண்டே சோறூட்டிய இடுப்புக்கு இது புதிய செய்தியாக இராது.

நடைவண்டியின் கதையும் இத்தகையதே. மர நடைவண்டியைப் பிடித்த குழந்தை தன் எடையைத் தன் கால்களில் தாங்கி, விழுந்து எழுந்து நடக்கிறது. நடுவில் உட்காரவைத்துச் சுற்றிலும் சக்கரம் பூட்டிய பிளாஸ்டிக் வண்டியில் குழந்தை தன் எடையைத் தாங்குவதில்லை. ஆனால் படிக்கட்டையும் அடுப்பையும் நொடியில் எட்டிவிடுகிறது. விபத்துகள் பெருகியதால் கனடா 2004இல் இவ்வகை வண்டிகளின் விற்பனையைத் தடை செய்தது. அவை நடையை விரைவுபடுத்துவதில்லை என்பதே மருத்துவர்களின் கருத்து. குறுந்தொகைச் சிறுவனின் இன்பம் இங்கே மறுவழியில் உறுதிப்படுகிறது எனலாம்.

வரலாறு வேறு திசையில் நம்மைத் திருத்தும் இடமும் உண்டு. ஓடும் வாகனத்தில் மடியைப்போலப் பாதுகாப்பு இல்லை என்பது நம் நெஞ்சில் ஊறிய எண்ணம். மோதலின் வேகத்தில் எந்தக் கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது என்பதே இயற்பியல். 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், காரில் 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பட்டையாலோ உரிய இருக்கையாலோ பிணைக்காமல் அழைத்துச் செல்வதற்கு 1000 ரூபாய் தண்டம் விதித்தது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளை இருசக்கர வண்டியில் ஏற்றிச் செல்வோருக்கு, பிணைப்புப் பட்டையும் தலைக்கவசமும் 40 கிலோமீட்டர் வேக வரம்பும் வேண்டும் என்ற விதி 2022இல் அறிவிக்கப்பட்டது. கணவன் ஓட்ட, மனைவி மடியில் சிசுவோடு பக்கவாட்டில் அமர்ந்து செல்லும் காட்சி நம் சாலைகளில் சாதாரணம். பட்டியலில் முதலிடம் பெற வேண்டியது எது என்பதை அக்காட்சியே சொல்லிவிடும். நடைபாதையே இல்லாத தெருவில் விலையுயர்ந்த தள்ளுவண்டி எவ்வளவு தூரம் உருளும் என்பதையும் வாங்குமுன் எண்ணிப் பார்க்கலாம்.

பட்டியல் போடுவதில் தவறொன்றுமில்லை. ஒவ்வொரு பொருளின் எதிரிலும் விலையோடு ஒரு பெயரையும் எழுதிவிட வேண்டும். இதைத் தள்ளப்போவது யார், கட்டிக்கொள்ளப்போவது யார், இதன் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடப்போவது யார்? அந்த இடத்தில் எப்போதும் தாயின் பெயரே வருகிறதா? அறுபது வயதைக் கடந்த பாட்டியின் பெயரா? தன் குழந்தையைத் தன் ஊரில் விட்டுவிட்டு வேலைக்கு வரும் பெண்ணின் பெயரா? 2017இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டபோது தாய்க்கு 26 வார விடுப்பும், 50 பேரும் அதற்கு மேலும் பணியாற்றும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகமும் சட்டத்தில் இடம்பெற்றன. தந்தைக்கென்று அதில் ஒரு நாளும் இல்லை. செவிலியின் பிள்ளை எங்கே இருந்தது என்று பழம்பாடலை நோக்கிக் கேட்கும் நாம், அதே கேள்வியை நம் வீட்டுப் பட்டியலையும் பார்த்துக் கேட்டுக்கொள்வதே முறை.